யாமினி சுடாத கேக்

யாமினி தன் வாழ்நாளில் ஒரு கேக்கும் சுட்டதில்லை. ஆனாலும் அவளுடைய ஆப்பிள் கேக்குக்குப் பக்கத்து வீட்டில் ஒன்பது வருஷமாக நல்ல பெயர்.

எப்படி என்று கேட்டால், எல்லாம் நல்ல மனசால் வந்த வினை. உலகத்தில் சொல்லப்படும் பொய்களில் பாதி நல்ல மனசால் சொல்லப்படுபவைதான். மீதிப் பாதிதான் அநியாயமாகப் பேப்பரில் வருகிறது.

விருதுநகரில் பி.காம். முடித்துவிட்டு மேற்படிப்புக்காக மெல்போர்ன் வந்தவள் அவள். படிக்கும்போது பெட்ரோல் பங்கில் நின்றாள், படிப்பு முடிந்ததும் ட்ருகனினாவில் ஒரு பெரிய கிடங்கின் அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போடும் வேலை கிடைத்தது. கபிலனைக் கல்யாணம் செய்துகொண்டு, பொயிண்ட் குக்கில் ஒரு வீட்டை வாங்கிக் குடியேறியபோது வயிற்றில் இரண்டு மாதம். மசக்கையில் தலை தூக்க முடியாமல் கிடந்த அந்த ஏப்ரல் மாதத்தில்தான் பக்கத்து வீட்டு பெவர்லி வேலிக்கு மேலே ஒரு பை நிறைய ஆப்பிளை நீட்டினாள்.

பெவர்லியை எல்லாரும் பெவ் என்றுதான் கூப்பிடுவார்கள். பள்ளிக்கூட வாசலில் மஞ்சள் சட்டை போட்டு, கையில் பலகை பிடித்து, பிள்ளைகளைச் சாலை கடக்க வைக்கும் வேலையை இருபது வருஷம் பார்த்து ஓய்வு பெற்றவள். குரல் அதற்கேற்றபடி. அவள் "நில்" என்றால் லாரி நிற்கும். யாமினி முதல் நாளே "பெவ் ஆன்ட்டி" என்று கூப்பிட, "நான் யாருக்கும் ஆன்ட்டி இல்லை" என்று முறைத்தாள். யாமினியின் நாக்கோ வயதில் மூத்தவளை வெறும் பெயர் சொல்ல மறுத்துவிட்டது. ஒரு மாதத்தில் பெவ் தோற்று, ஆன்ட்டி ஆகிப்போனாள்.

"கேக்குக்குன்னே பிறந்த ஆப்பிள் இது, டார்ல். நானே நட்ட மரம்" என்றாள் பெவ். அவள் பேசியதெல்லாம் ஆங்கிலம்தான், டார்ல் என்பது டார்லிங்கின் சுருக்கம். வீட்டில் யாமினி திருப்பிச் சொல்கிற தமிழில்தான் இங்கே வருகிறது.

நமக்குச் சித்திரை பிறக்கிற நேரம் இங்கே இலையுதிர் காலம். தெருவில் மரமெல்லாம் செம்பட்டையாகி நிற்கும், காலையில் மூக்கு நுனி சில்லிடும். அந்தக் குளிரில் யாமினி ஒரு பச்சை ஆப்பிளைக் கடித்தாள். புளிப்பு உச்சந்தலைக்கு ஏறியது. கண் தானாக மூடிக்கொண்டது. ஒரு வாரமாக எதைப் பார்த்தாலும் குமட்டிக்கொண்டு வந்த வாயில் எச்சில் ஊறியது.

விருதுநகர்க்காரி வாயில் அப்படி ஒரு புளிப்பு பட்டால் அவள் கை மாவையும் வெண்ணெயையுமா தேடும்? தோலோடு துருவினாள். நல்லெண்ணெயைக் காயவைத்து, கடுகைப் பொரியவிட்டு, பெருங்காயம், மிளகாய்த்தூள், வறுத்துப் பொடித்த வெந்தயம் போட்டு எண்ணெய் பிரியும்வரை கிளறினாள். மாங்காய்த் தொக்கு தோற்றது. பழைய சோற்றுக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான். கபிலன் ரொட்டித் துண்டில் தடவி ஆபீசுக்குக் கொண்டுபோனான்.

மறு வாரம் பெவ் வேலியோரம் நின்று, "கேக் எப்படி வந்தது?" என்று கேட்டாள்.

ஆசையோடு கொடுத்தவளிடம், உங்கள் ஆப்பிளை மிளகாய்த்தூளில் போட்டு வதக்கிவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? யாமினிக்கு மனசு வரவில்லை.

"சூப்பரா வந்துச்சு, ஆன்ட்டி" என்றாள்.

அவ்வளவுதான். பெவ் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த வருஷம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று யாமினி நினைத்தாள். அடுத்த வருஷத்துக்குள் நடந்தது வேறு.

அக்டோபரில் கபிலனின் அப்பா இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்காகக் கபிலன் ஊரில் இருந்தபோது, நாள் இன்னும் இருக்க, ஒரு மத்தியானம் யாமினிக்குப் பனிக்குடம் உடைந்துவிட்டது. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு "ஆன்ட்டி" என்று கத்தினாள். தலையில் பாதி சாயம் பூசிய கோலத்தில் ஓடி வந்த பெவ், அதைக் கழுவக்கூட நிற்காமல் காரை எடுத்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ், "நீங்கள் இவளுக்கு யார்?" என்று கேட்டாள்.

"இன்னைக்கு அம்மா" என்றாள் பெவ்.

அந்தச் சொல்லை யாமினி மறந்த நாளில்லை. வலியில் அவள் நகம் பதித்த தடம் பெவ்வின் மணிக்கட்டில் பல நாள் இருந்தது. பிள்ளையை முதலில் ஏந்தியது அந்தச் சாயம் படிந்த கைதான். யாமினியின் அம்மாவுக்கு விசா வரும்வரை துணி துவைத்துப் போட்டது, சூப் வைத்துக் கொண்டுவந்தது, குழந்தை அழுதால் தோளில் போட்டு வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தது எல்லாம் பெவ். பெற்ற தாய் வந்து இறங்கியபோது, "உங்க பொண்ணை ஒப்படைச்சிட்டேன், சரிபார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்தாள்.

இப்படிப்பட்டவளிடம் அடுத்த ஏப்ரலில் போய், போன வருஷம் உங்களிடம் பொய் சொன்னேன் என்று எப்படிச் சொல்வது? பெவ் பையை நீட்டினாள். யாமினி வாங்கிக்கொண்டாள். தொக்கு கிளறினாள். "கேக் எப்படி?" "சூப்பர், ஆன்ட்டி." தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வேலி தாண்டிப் போயின, பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் போனது. தொக்கு மட்டும் ஒரு வருஷமும் போகவில்லை. போனால் குட்டு உடைந்துவிடுமே. இருந்தாலும் ஒவ்வொரு வருஷமும் அந்தச் "சூப்பர்" தொண்டையில் முள்ளாகத்தான் இறங்கியது.

இந்த வருஷம் மார்ச் கடைசியில் பெவ் வேலியோரம் வந்து நின்றபோது கையில் பை இல்லை.

"வீட்டை வித்துட்டேன், டார்ல். முழங்கால் ரெண்டும் சொன்ன பேச்சு கேட்கலை. பெண்டிகோவில மக வீட்டோட போய் இருக்கப் போறேன்."

யாமினிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பெவ் அதைக் கவனிக்காததுபோல மூக்கை உறிஞ்சினாள்.

"போறதுக்கு முந்தின சனிக்கிழமை தெருக்காரங்களுக்கு ஒரு டீ வைக்கிறேன். யாரும் எதுவும் கொண்டுவர வேண்டாம். நீ மட்டும் உன் ஆப்பிள் கேக்கைக் கொண்டுவா. இத்தனை வருஷமா எனக்கு ஒரு துண்டுகூடக் கொடுத்ததில்லையே நீ."

"கண்டிப்பா, ஆன்ட்டி" என்று யாமினியின் வாய் சொல்லிவிட்டது. அந்த வாய்க்கு வேறு என்ன தெரியும்?

அன்று சாயந்திரம் கபிலன் நிதானமாக யோசனை சொன்னான். "இதுக்கு ஏன் இப்படி இடிஞ்சுபோய் உட்கார்ந்திருக்கே? கடையில ஒண்ணு வாங்கு. டப்பாவைத் தூக்கிப் போட்டுட்டு நம்ம தட்டுல வை. முடிஞ்சுது."

மகள் ஹரிப்பிரியா வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்காமலே, "தட்ஸ் சீட்டிங், அப்பா" என்றாள்.

யாமினி அதையும் செய்யத்தான் போனாள். கடையில் ஒரு கேக்கைக் கையில் எடுத்தாள். மேலே ஆப்பிள் துண்டுகள் அழகாக வரிசை கட்டியிருந்தன. இதைக் கொண்டுபோய் வைத்தால் பெவ் ஒரு துண்டு வாயில் போட்டு, கண்ணை மூடி, பேஷ் என்பாள். அந்தப் பாராட்டோடு பெண்டிகோ போய்விடுவாள். இன்றைக்கு அம்மா என்று சொன்னவளுக்குக் கடைசியாகக் கொடுத்தனுப்பியது ஒரு கடைக் கேக்கும் ஒரு பொய்யும் என்று வாழ்நாள் முழுக்க உறுத்தும். யாமினி கேக்கை அலமாரியில் திருப்பி வைத்துவிட்டு மாவும் வெண்ணெயும் முட்டையும் வாங்கிக்கொண்டு வந்தாள். பொய்யை இனி அழிக்க முடியாது. கேக்கையாவது நிஜமாக்கிவிடலாம்.

ஆபீசில் பக்கத்து மேசை தர்ஷனா அக்கா யாழ்ப்பாணத்துக்காரி. பிறந்தநாளோ பிரியாவிடையோ, அவர் கேக் இல்லாமல் அந்தக் கிடங்கில் எதுவும் நடக்காது. யாமினி விஷயத்தைச் சொன்னதும் அவர் கணினியை விட்டுத் திரும்பினார்.

"பயப்படாதையும். பட்டரையும் சீனியையும் நல்லா அடிச்சு, முட்டையை ஒண்டொண்டா விட்டு, மாவை மெதுவாச் சேரும். ஆப்பிளைக் கடைசியாப் போடும். ஓவனை முதல் சூடாக்கிப்போட்டுத்தான் உள்ளுக்க வைக்கோணும், விளங்கிச்சோ? உம்மட ஓவன் வடிவா வேலை செய்யுதோ?"

"தெரியலக்கா. போட்டுப் பார்த்ததில்ல."

"வீடு வாங்கின நாள் துவக்கமோ?"

"ஆமாக்கா."

தர்ஷனா அக்கா "கடவுளே" என்று மட்டும் சொன்னார்.

தமிழ்நாட்டுக்காரர் வீட்டில் ஓவன் என்பது கதவு வைத்த அலமாரி, இது தர்ஷனா அக்காவுக்குத் தெரிய நியாயமில்லை. நம் சமையல் எல்லாம் அடுப்பு மேலே. கீழே இருக்கும் அந்த இருட்டு அறை தோசைக்கல்லுக்கும் வாணலிக்கும் இட்லிச் சட்டிக்கும் விட்டது. யாமினி வீட்டு ஓவனில் பணியாரக் கல், முறுக்குக் குழல், கல்யாணத்துக்கு வந்து ஒருநாளும் பிரிக்காத குக்கர் என்று ஒரு பாத்திரக் கடையே இருந்தது. தட்டுகளை இழுத்து வெளியே எடுக்க எடுக்க வந்துகொண்டே இருந்தது.

அந்தச் சனிக்கிழமை காலையில் கபிலன் மகளை நீச்சல் வகுப்புக்கு அழைத்துப் போய்விட்டான். பெவ் வேலி மேல் வைத்துவிட்டுப் போயிருந்த ஆப்பிள்களில் நாலைத் தோல் சீவி நறுக்கினாள் யாமினி. வெண்ணெயையும் சர்க்கரையையும் கை ஓயும்வரை அடித்தாள். ஓவனில் இருந்த எல்லாவற்றையும் தரையில் பரப்பியாயிற்று. குனிந்து பார்த்தாள், காலி. குமிழைத் திருப்பினாள். உள்ளே விளக்கு எரிந்தது. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எரிந்ததே என்று அதற்கு ஒரு கும்பிடு போட்டாள்.

ஓவனின் அடித்தட்டு ஓரத்தில், இருட்டோடு இருட்டாக, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் டப்பா இருந்ததை அவள் பார்க்கவில்லை. போன வருஷம் கபிலனின் அம்மா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய கூழ் வடகம் அது. அதைத் தேடாத இடமில்லை. விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள் என்று கடைசியில் சுங்க அதிகாரிகள் மேல் பழி போட்டு, அத்தையும் போனில் அவர்களுக்குச் சாபம் விட்டிருந்தார்.

மாவைக் கேக் சுடும் தகரத் தட்டில் ஊற்றி நிமிர்ந்தபோது நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஓவன் இடுக்கு வழியாகக் கறுப்புப் புகை. யாமினி ஓவனை அணைத்துக் கதவைத் திறக்க, புகை முகத்தில் அடித்தது. கூரையில் இருந்த அலாரம் ஊரைக் கூட்டியது. சன்னலைத் திறந்தாள். எட்டி எட்டிக் குதித்தாள், அலாரம் எட்டவில்லை.

பக்கவாட்டுக் கதவைத் தள்ளிக்கொண்டு பெவ் வந்தாள். முழங்கால் வலியை எங்கே வைத்தாளோ, கையில் ஒரு துண்டு. அலாரத்துக்குக் கீழே நின்று அந்தத் துண்டால் விசிறு விசிறென்று விசிற, சற்று நேரத்தில் அது வாய் மூடியது. பிறகுதான் அவள் சுற்றிலும் பார்த்தாள். தரை முழுக்கத் தோசைக்கல், வாணலி, குக்கர். திறந்து கிடக்கும் ஓவனில் உருகி வழிந்த பிளாஸ்டிக், அதன் நடுவில் கருகிய வடகம். மேசையில் வேகாத கேக்.

பள்ளிக்கூட வாசலில் இருபது வருஷம் நின்ற கண்ணுக்கு எது புரியாமல் போகும்?

"டார்ல்," என்றாள் மெதுவாக, "இந்த ஓவன்ல இதுக்கு முன்னாடி எத்தனை கேக் வெந்திருக்கு?"

யாமினி தரையில் தோசைக்கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "ஒண்ணுகூட இல்ல, ஆன்ட்டி. ஒரு வருஷமும் நான் கேக் பண்ணலை. நீங்க ஆசையாக் கொடுத்தீங்க, முதல் தடவை சொல்ல வாய் வரலை. அப்புறம் நீங்க எனக்குச் செஞ்சதுக்கெல்லாம் பிறகு எப்படிச் சொல்றது? பொய் சொன்னேன். மன்னிச்சிடுங்க."

பெவ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அப்போ என் ஆப்பிளை எல்லாம் என்ன செஞ்சே?"

யாமினி எழுந்து போய் ஃப்ரிட்ஜைத் திறந்தாள். போன வருஷத்துத் தொக்கில் ஒரு பாட்டில் மிச்சமிருந்தது. அதை நீட்டினாள். பெவ் மூடியைத் திறந்தாள். மூக்கருகே கொண்டுபோனாள்.

"இதுதான்" என்றாள். "இதேதான்!"

யாமினி திருதிருவென்று விழித்தாள்.

"உன் சமையலறைப் புகையை வெளியே தள்ளுற காற்றாடி எங்கே திறக்குதுன்னு என்னைக்காவது பார்த்திருக்கியா? நேரா என் துணிக்கொடிக்கு. வருஷா வருஷம் நான் பை கொடுத்த மறுநாள் என் போர்வை, தலையணை உறை எல்லாம் இந்த வாசனைதான். முதல் வருஷம் துணியை மடிக்காம மோந்து பார்த்துக்கிட்டே நின்னேன். என்னன்னு கேட்க நாக்கு நுனி வரை வந்துச்சு. உங்க சாமிக்குச் செய்றதோ என்னவோ, பொதுவா எல்லாத்தையும் வேலி தாண்டிக் கொடுக்கிற பொண்ணு இதை மட்டும் கொடுக்கலைன்னா ஏதோ காரணம் இருக்கும், கேட்கிறது மரியாதை இல்லைன்னு விட்டுட்டேன்."

"அப்போ கேக்?"

"கேக் வாசனைக்கு வேலி தெரியுமா, டார்ல்? ஒன்பது வருஷத்துல ஒரு தடவைகூட உன் வீட்டுலேர்ந்து கேக் வாசனை வரலை. எனக்கு முழங்கால்தான் போச்சு, மூக்கு போகலை."

"தெரிஞ்சேதான் கேக் கேட்டீங்களா?"

"பின்னே? பொண்ணு முழிக்கும், வேற வழியில்லாம நிஜமாப் பண்றதை எடுத்துக்கிட்டு வரும்னு பார்த்தேன். நீ என்னடான்னா வீட்டையே கொளுத்தப் பார்த்துட்டே."

சொல்லிவிட்டு அவள் சிரிக்க, யாமினிக்கும் அழுகையோடு அழுகையாகச் சிரிப்பு வந்துவிட்டது. பெவ் ஒரு விரலால் தொக்கை வழித்து வாயில் வைத்தாள். முகம் சிவந்தது, கண்ணில் நீர் கொட்டியது. யாமினி பதறிப்போய்த் தண்ணீர் கொண்டு ஓடினாள். பெவ் கையைத் தூக்கி லாரியை நிறுத்துவதுபோல அவளை நிறுத்திவிட்டு, இன்னொரு விரல் வழித்தாள்.

கேக் தட்டைப் பெவ் வீட்டு ஓவனுக்குத் தூக்கிப் போனார்கள். பாதிச் சாமான் கட்டிவைத்திருந்த அந்த வீட்டில் ஓவனும் கெட்டிலும் மட்டும் வெளியே இருந்தன. கேக் வெந்தது. நடுவில் கொஞ்சம் குழி விழுந்தது, ஒரு பக்கம் சற்றுக் கருகியது. ஆனால் வீடு முழுக்க வெண்ணெயும் ஆப்பிளும் மணத்தபோது, யாமினி ஓவன் கண்ணாடிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து பிள்ளையைப் பார்ப்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சாயந்திரம் தெருக்காரர்கள் அதை ஒரு துணுக்கு விடாமல் தின்றார்கள். பெவ் தன் துண்டின் மேல் என்னவோ சிவப்பாகத் தடவிக்கொண்டதைப் பார்த்து ஒருவர் ஜாமா என்று கேட்டார். "ஆமாம், ஜாம்தான். காலியாகிப் போச்சு" என்று சொல்லிவிட்டுப் பாட்டிலைக் கைப்பைக்குள் தள்ளினாள். நல்ல மனசால் சொல்லாத பொய்யும் உலகத்தில் உண்டு.

அவள் கிளம்பிய நாள் காலையில் வேலிக்கு மேலே பை ஒன்று வந்தது, பிறகு இன்னொன்று. மரத்தில் ஒரு காய் மிச்சம் வைக்காமல் பறித்திருந்தாள்.

"சாமான் வண்டி மத்தியானம்தான் வருது" என்றாள். "இந்த வருஷம் தயவுசெஞ்சு கேக் பண்ணிடாதே, டார்ல்."

யாமினி ஆபீசுக்கு விடுப்புச் சொன்னாள். உட்கார்ந்து துருவினாள். பெரிய வாணலியை அடுப்பில் ஏற்றி நல்லெண்ணெயை ஊற்றினாள். கடுகு வெடித்ததும், இத்தனை வருஷம் கொஞ்சமாக வைத்து ஓட்டிய காற்றாடியை முழு வேகத்தில் போட்டாள். பெருங்காயம் போட்டாள். மிளகாய்த்தூள் போட்டாள். தனக்கு ஒரு நாள் அம்மாவாக இருந்தவளுக்கு இதைவிடப் பெரிதாகக் கொடுக்கத் தன்னிடம் எதுவும் இல்லை, இதுவே போதும் என்று அவளே சொல்லிவிட்டாள் என்பது யாமினிக்கு நெஞ்சு நிறைய இருந்தது.

கிளறிக்கொண்டே சன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். துணி ஒன்றும் இல்லாத கொடிக்குக் கீழே, காலில் பயணச் செருப்போடு, பெவ் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தாள்.